கோமதி அளந்த நானூற்றுப் பன்னிரண்டு

கோமதியிடம் 'சுமாராக' என்ற சொல்லைப் பயன்படுத்துவது ஆபத்து. தம்பி கல்யாணத்தின்போது, பந்திக்குச் சுமாராக எத்தனை இலை வேண்டும் என்று சமையல்காரர் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டு, அவள் போட்ட கணக்கில் அரைமணி நேரம் முழித்துக்கொண்டு நின்றார். பதினெட்டு வருடமாக மில்லிமீட்டரை நூறாகப் பிளந்து பார்த்த கண் அது. அந்தக் கண்ணுக்கு உலகத்தில் எதுவும் சுமாராக இருப்பதில்லை.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து காலை ஏழரை மணி பஸ் ஏறி, பாலக்காட்டுக்குப் பக்கத்துக் கஞ்சிக்கோட்டில் இறங்கி, தொழிற்பேட்டையின் மூன்றாவது சந்தில் நடந்தால் துரைசுவாமியின் ஷெட். நாலு லேத், ஒரு டிரில்லிங் மிஷின், கண்ணாடித் தடுப்புப் போட்ட ஒரு அளவு அறை. அந்த அறைதான் கோமதியின் ராஜ்யம். இருபத்தாறு வயதில் பேக்கிங் வேலைக்கு வந்தவள், ஒரு நாள் அளவு பார்க்கும் ஆள் வராமல் போனதில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை. இப்போது நாற்பத்துநாலு.

எல்லாம் சரி, ஒரே ஒரு குறை. அளவு ரிப்போர்ட்டின் அடியில் இரண்டு கட்டங்கள் உண்டு. 'அளந்தவர்' என்ற குட்டிக் கட்டத்தில் கோமதி இனிஷியல் போடுவாள். 'சரிபார்த்தவர்' என்ற பெரிய கட்டத்தில் ஒரு இன்ஜினியர் கையெழுத்துப் போடுவார். இதுவரை மூன்று இன்ஜினியர்கள் மாறிவிட்டார்கள். இப்போது இருப்பவர் ஆதர்ஷ். கோயம்புத்தூரிலிருந்து வெள்ளிக்கிழமை வருவார், டீ ஆறுவதற்குள் ஒரு வாரத்து ரிப்போர்ட் கட்டையும் கையெழுத்துப் போட்டு முடிப்பார், போய்விடுவார். நல்ல பையன், யாரையும் கடிந்து பேசமாட்டார். ஆனால் அந்தப் பெரிய கட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் கோமதிக்கு வயிறு எரியும். அளந்தது நான், சரிபார்த்தது அவரா என்று வீட்டில் பாத்திரம் கழுவும்போது பாத்திரத்திடம் கேட்பாள்.

இந்த நிலையில்தான் மலைமேல் ஏலப்பாறையிலிருந்து ஜின்சன் வந்து சேர்ந்தார். தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர், முப்பத்தைந்து வயது, ஒரு ரைபிள் கிளப்பின் கருவிப் பொறுப்பாளர். சுட்டு முடிந்த தோட்டாவின் பித்தளைக் கூட்டைத் தூக்கி எறியாமல், கழுவி, அளந்து, மறுபடி மருந்து நிரப்பிப் பயிற்சிக்கும் போட்டிக்கும் எடுத்துக்கொள்ள அவர்கள் கிளப்புக்கு லைசன்ஸ் இருந்தது. நிரப்புகிற வேலை அவர்கள் இடத்தில். அளக்கிற வேலைக்குத்தான் ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"சுடும்போது பித்தளை நீளும்க்கா," என்று ஜின்சன் ஒரு காலிக் கூட்டை மேஜைமேல் நிற்க வைத்தார். "ஐம்பத்தொண்ணு புள்ளி ஒண்ணு எட்டுக்கு மேல போச்சுன்னா, அதோட வாய் துப்பாக்கிக்குள்ள போயி இடிச்சு, குண்டை விடாமக் கவ்விக்கிடும். உள்ள அழுத்தம் ஏறிரும். சுடுறவங்க கன்னத்துக்குப் பக்கத்துலதான் இதெல்லாம் நடக்கும். கிளப் போட்டியில என் தங்கச்சி டின்சியும் சுடுது."

கோமதி அந்தக் கூட்டை எடுத்துச் சுண்டுவிரல் நுனியில் கவிழ்த்துப் பார்த்தாள். இதுவரை அவள் அளந்ததெல்லாம் பம்ப் புஷ், வால்வு மூடி, குழாய்த் திருகு. அளவு தப்பினால் தண்ணீர் ஒழுகும், பார்ட்டி திட்டும், அவ்வளவுதான். ஒரு ஆள் கன்னத்தை ஒட்டி வைத்துச் சுடுகிற சாமான் இதுதான் முதல்முறை.

என்ன கருவி வாங்கலாம் என்று துரைசுவாமி ஆதர்ஷிடம் கேட்டார். ஆதர்ஷ் ஃபோனில் ஒரு படம் அனுப்பினார். அளவை எண்ணாகக் காட்டும், கம்ப்யூட்டருக்குத் தானே அனுப்பும், கறுப்புப் பெட்டியில் பளபளவென்று படுத்திருக்கும் ஒரு டிஜிட்டல் வெர்னியர். துரைசுவாமி கல்பாத்தி அக்ரகாரத்துக்காரர், வயது அறுபத்தாறு. ஷெட்டில் எல்லோருக்கும் அவர் 'சாமி'. படத்தைப் பார்த்து அவர் மயங்கியே போனார்.

"அது ஆகாதுங்க சாமி," என்றாள் கோமதி.

"ஏன் ஆகாது? நம்பரே காட்டறதே. பார்த்து எழுதினாப் போறும்."

"நம்பர் காட்டுமுங்க. ஒரு தூசி இருந்தாலும் அதே ஜோருல காட்டுமுங்க. முள்ளுன்னா கொஞ்சம் நடுங்கும், தயங்கும், என்னமோ சரியில்லைன்னு நமக்குத் தெரியும். நானே போய்ப் பாத்து வாங்கியாறனுங்க."

சாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு யோசனை வந்தால் அப்படித்தான். "சரி. நீயே செலக்ட் பண்ணு. நீ செலக்ட் பண்ணினா, ரிப்போர்ட்டிலேயும் நீயே கையெழுத்துப் போட்டுக்கோ, பெரிய கட்டத்திலே. இந்தப் பார்ட்டி நன்னாப் போச்சுன்னா, இனிமே எல்லாத்துக்கும் நீதானாக்கும்."

கோமதி "சரிங்க" என்று மட்டும் சொன்னாள். அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு பழைய டிக்கெட்டின் பின்பக்கம் பதினோரு முறை கையெழுத்துப் போட்டுப் பார்த்தாள். இனிஷியலாகவே போட்டுப் பழகிய கைக்கு முழுப்பெயர் கொஞ்சம் கோணியது.

மறுநாள் கோயம்புத்தூர் போனாள். கருவிக் கடையில் கண்ணாடிப் பெட்டிமேல் சாப்பாட்டுப் பையை வைத்து, கைக்குட்டையை அவிழ்த்து, உள்ளேயிருந்து தோட்டாக் கூட்டை எடுத்தாள். கடைப் பையன் ஒரு அடி பின்னால் போனான். காலிக்கூடுதான் என்று சொல்லி, கிளப் லைசன்ஸின் நகலை விரித்துக் காட்டிய பிறகும் முதலாளி வந்து ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கோமதிக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை. ஒவ்வொரு கருவியிலும் அதே கூட்டைப் பத்துப் பத்து முறை அளந்தாள். பத்து முறையும் ஒரே அளவு சொல்லாத கருவியை, பொய் சொல்லி மாட்டிக்கொண்ட ஆளைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்த்து ஓரமாகத் தள்ளினாள். கடைசியில் நீளத்துக்கு ஒரு டயல் வெர்னியர் தேறியது. சாமானைக் கவ்வுகிற தாடையை மூடினால் டயலின் முள் சிவனே என்று பூஜ்யத்தில் நின்றது.

கூட்டின் வாய்ச் சுவர்த் தடிமனுக்கு உருண்டை முனை மைக்ரோமீட்டர் கேட்டாள். சாதா மைக்ரோமீட்டரே போதுமே என்றான் பையன். கோமதி தன் வளையலைக் கழற்றினாள். "இதோட உள்பக்கம் ஒரு தட்டைக் கட்டைய வெச்சுப் பாருங்க. ரெண்டு ஓரந்தான் ஒட்டும், நடுவுல சந்து நிக்கும். சந்தையும் சேத்து அளந்துட்டுத் தடிமன் ஜாஸ்தின்னு எழுதுவீங்களா?" பையன் உள்ளே போய் உருண்டை முனை எடுத்து வந்தான்.

மூன்றாவதாக ஒரு மாஸ்டர் வாங்கினாள். சரியாக ஐம்பது மில்லிமீட்டர் நீளமுள்ள உருக்குக் கம்பி. அதை அளந்து பார்த்துத்தான் கருவி ஒழுங்காக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். சாமி ஃபோனில் முனகினார். "எதையும் அளக்காத ஒரு கம்பிக்கு எதுக்கு இத்தனை விலை?" மாஸ்டர் இல்லாமல் வெர்னியர் வேண்டாம் என்று கோமதி ஒற்றைக்காலில் நின்றாள், வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினாள்.

வந்து சேர்ந்த அன்று அஷ்டமி. ஷெட்டில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் பட்டு விரித்து எல்லாக் கருவிகளையும் பூஜைக்கு வைக்கிற சாயங்காலம். வைத்துவிட்டால் விஜயதசமி காலை வரை யாரும் தொடக் கூடாது. லேத்துகளுக்குப் பொட்டு வைத்துக்கொண்டு வந்த கோமதி, பட்டின்மேல் புத்தம் புதிதாகக் கிடந்த வெர்னியரைப் பார்த்தாள். அதற்கு மட்டும் கொஞ்சம் தாராளமாகவே வைத்தாள். மோதிர விரலில் சந்தனத்தைக் குழைத்து எடுத்து, தாடை முளைக்கிற இடத்தில் வட்டமாக ஒன்று, அதன்மேல் குங்குமம். சந்தனம் அன்று கொஞ்சம் தண்ணியாக இருந்தது.

விஜயதசமி அன்று லீவுதான். ஆனால் பூஜையிலிருந்து கருவிகளை எடுத்ததும் ஏதாவது ஒரு நல்ல வேலையைத் தொடங்கி முடிக்க வேண்டும் என்பது சாமியின் வழக்கம். அன்றைக்கென்றே ஜின்சனையும் வரச் சொல்லியிருந்தார். அவர் முந்தின நாளே கூடுகளோடு வந்து பாலக்காட்டில் தங்கிவிட்டார். காலை எட்டரை மணிக்குக் கோமதி வெர்னியரை எடுத்துச் சந்தனத்தைத் துணியால் துடைத்து, தாடையை மூடினாள். முள் பூஜ்யத்தில் இல்லை. நாலு கோடு தள்ளி நின்றது.

வாளையார் ரோட்டில் பஸ் குலுக்கிய குலுக்கலில் நகர்ந்திருக்கும் என்று நினைத்தாள். டயலின் வளையத்தைத் திருப்பி, பூஜ்யத்தை முள்ளுக்கு நேராகக் கொண்டுவந்து வைத்தாள். மாஸ்டர் கம்பி பக்கத்திலேயே, பட்டின்மேல் பொட்டும் பூவுமாகக் கிடந்தது. அதை எடுக்க மறந்தாள் என்று எழுதினால் பாதி பொய்யாகிவிடும். ஜின்சன் காத்திருக்கிறார், நல்ல நேரம் போகிறது, பெரிய கட்டம் கூப்பிடுகிறது. வேண்டாம் என்று விட்டாள்.

நானூற்றுப் பன்னிரண்டு கூடுகள். ஜின்சன் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பத்தொன்பது கூடுகள் நீளம் கூடியிருந்தன. லேத்தில் முனையைச் சீவி மறுபடி அளந்தாள். ஒன்றில் அடிப்பக்கம் மயிரிழைபோல் ஒரு கோடு தெரிந்தது. நகத்தால் தடவிப் பார்த்து, விரிசல் இல்லை, வெறும் கீறல்தான் என்று தெரிந்த பிறகும் அதை மூன்று தடவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ஒரு மணிக்கு எல்லாம் முடிந்தது. பெரிய கட்டத்தில் 'வெ. கோமதி' என்று எழுதினாள், கோணவில்லை. இரண்டு மணிக்கு ஜின்சன் பெட்டியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மலைக்குக் கிளம்பினார். சனிக்கிழமை மருந்து நிரப்புவார்கள், ஞாயிறு போட்டி. ரிப்போர்ட்டைப் படம் பிடித்து மகள் பவ்யாவுக்கு அனுப்பினாள். பவ்யா பதிலுக்குக் கைதட்டும் பொம்மை ஏழெட்டு அனுப்பினாள். அன்று மத்தியானம் கோமதி இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டாள்.

ஐந்து மணிக்குக் கருவிகளைத் துடைத்து எண்ணெய் தடவிப் பெட்டியில் வைக்கப்போனாள். பழக்கதோஷம், தாடையை மூடி ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். மூடிய தாடைக்கு நடுவே வெளிச்சம் வரக் கூடாது. வந்தது. நுனியில் ஒரு நூல் அளவு.

அடியில், தாடை முளைக்கிற மூலையில், மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி நோண்டினாள். பொடிப்பொடியாக விழுந்தது. மோந்துகூடப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. மறுபடி மூடினாள். முள் பூஜ்யத்தைத் தாண்டி நாலு கோடு கீழே போய் நின்றது. கோட்டுக்குப் புள்ளி பூஜ்யம் இரண்டு மில்லிமீட்டர், ஆக புள்ளி பூஜ்யம் எட்டு. காலையில் முள் ஒழுங்காகச் சொல்லியிருக்கிறது, நடுவில் ஏதோ இருக்கிறது என்று. இவள்தான் டயலைத் திருப்பி அதன் வாயை அடைத்துவிட்டாள். அன்று அளந்த ஒவ்வொரு கூடும் உண்மையைவிடப் புள்ளி பூஜ்யம் எட்டுக் குறைவாகக் காட்டியிருக்கிறது. அதில் எத்தனை எல்லையைத் தாண்டியவையோ.

பொய் சொல்வானேன், முதலில் அவள் நினைத்தது டின்சியின் கன்னத்தை அல்ல, பெரிய கட்டத்தைத்தான். இதைச் சொன்னால் கையெழுத்து திரும்ப ஆதர்ஷிடம் போய்விடும், இனி இந்த ஜன்மத்தில் வராது. புள்ளி பூஜ்யம் எட்டுத்தானே, சுமாராக ஒரு தலைமுடி கனம் என்று ஒரு எண்ணம் ஓடியது. சுமாராக. அந்தச் சொல் தன் மண்டைக்குள்ளிருந்தே வந்ததில் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஃபோனை எடுத்தாள்.

ஜின்சன் பெரும்பாவூரில் ஒரு கடையில் நின்று பழம்பொரி தின்றுகொண்டிருந்தார். கோமதி மூச்சு விடாமல் சொன்னாள், சந்தனத்தையும் சேர்த்து.

"வேற எடத்துல அளந்து வாங்குனா, வீட்டுக்குப் போயி எல்லாத்தயும் நான் இன்னொருக்கா அளப்பேன்க்கா," என்றார் ஜின்சன் மெதுவாக. "இன்னிக்கு நீங்க அந்தக் கீறலை மூணு தடவை திருப்பிப் பாத்தீங்கள்ல. அதப் பாத்துட்டு, இந்தத் தடவை வேண்டாம், நேரா நெறச்சிருவோம்னு நெனச்சிருந்தேன்."

அவர் திட்டியிருந்தால் தேவலை என்று கோமதிக்கு இருந்தது.

ஜின்சன் அன்றிரவு பெரும்பாவூரில் நண்பர் ஜோபி வீட்டில் தங்கிவிட்டுக் காலையில் திரும்பி வருவதாகச் சொன்னார். அதற்குப் பிறகுதான் கோமதி சாமிக்கு ஃபோன் போட்டாள்.

"என்கிட்டே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமோல்லியோ?"

"கேட்டா, நாளைக்குக் கூப்பிட்டுக்கலாம்னு சொல்லுவீங்க சாமி."

சாமி மறுக்கவில்லை. ஃபோனில் கண்ணாடி துடைக்கிற சத்தம் கேட்காது, ஆனால் துடைத்துக்கொண்டிருப்பார் என்று கோமதிக்குத் தெரியும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஒன்பதரைக்கு ஜீப் வந்தது. கோமதி அதற்கு முன்பே மாஸ்டர் கம்பியை அளந்து, வெர்னியர் சரியாக ஐம்பது காட்டுவதைச் சாமியைக் கூப்பிட்டும் காட்டியிருந்தாள். பழைய ரிப்போர்ட்டின் குறுக்கே சிவப்பு மையில் கோடு போட்டு, 'ரத்து. காரணம்: வெர்னியரின் தாடையில் சந்தனம். மாஸ்டரோடு சரிபார்க்கப்படவில்லை' என்று எழுதினாள். சாமி எட்டிப் பார்த்தார்.

"சந்தனம்னு எதுக்கு எழுதறே? 'அந்நியப் பொருள்'னு போட்டாப் போறாதோ? கேட்கறவா சிரிப்பா."

"சந்தனந்தானுங்க சாமி. நாந்தானுங்க வெச்சேன்."

மறுபடி நானூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொரு ஐம்பதுக்கும் ஒரு தடவை மாஸ்டரை அளந்தாள். ஜின்சன் ஃபோனைப் பார்க்காமல் பெட்டியிலிருந்து கூடுகளை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டிக்கொண்டிருந்தார். முந்தின நாள் சரி என்று எழுதியதில் எல்லை தாண்டியவை இருபத்தேழு. ஒவ்வொன்று வெளியே வரும்போதும் கோமதிக்கு யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டு அறைவதுபோல் இருந்தது. இருபத்தேழையும் லேத்தில் சீவி, மறுபடி அளந்து பெட்டியில் அடுக்கும்போது மணி மூன்று.

ஆதர்ஷ் அதற்குள் தன் வெள்ளிக்கிழமைக் கட்டை முடித்திருந்தார். சாமி புது ரிப்போர்ட்டை அவர் பக்கம் நகர்த்தினார். முகத்தைக் கோமதியின் பக்கம் திருப்பாமலே சொன்னார், "இந்தத் தடவை நீங்களே போட்டுடுங்கோ. பார்ட்டிக்கு ஒரு நம்பிக்கை வேணுமோல்லியோ."

கோமதி தலையைக் குனிந்துகொண்டாள். நியாயம்தான் என்று அவளுக்கே தோன்றியது, அதனால்தான் இன்னும் வலித்தது. ஆதர்ஷ் பேனாவின் மூடியைத் திறந்தார். மேஜையிலிருந்த சிவப்புக் கோடு போட்ட காகிதத்தைப் படித்தார். பெட்டியைப் பார்த்தார், அதற்குள் நிற்கும் பித்தளைக் கூடுகளைப் பார்த்தார். பேனாவை மூடிவிட்டார்.

"சார், நா ஒண்ணுகூட அளக்கலீங்களே. நா எப்படிங்க இதுல போடறது?"

மூன்று வருடமாக எதையும் அளக்காமல் கையெழுத்துப் போட்ட பிள்ளை அன்றைக்குத்தான் பயந்தது. சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜின்சன் காகிதத்தை எடுத்துக் கோமதியின் முன்னால் வைத்தார். கோமதி போட்டாள். முந்தின நாளைப்போல் சந்தோஷமாக இல்லை. கையெழுத்து என்றால் இவ்வளவு கனமா என்று இருந்தது, எழுத்தும் நன்றாகவே கோணியது.

ஜின்சன் பெட்டியை மூடினார். "அப்ப இத நேரா நெறச்சிரலாம்லக்கா?"

"வேண்டாமுங்க. ஊருக்குப் போயி அத்தனையும் இன்னொருக்கா அளந்துருங்க."

"அப்பறம் உங்க கையெழுத்து எதுக்குக்கா?"

"நா அளந்தேன்னு சொல்றதுக்குங்க. நீங்க அளக்க வேண்டாம்னு சொல்றதுக்கில்லீங்க."

ஜின்சன் தலையை ஆட்டிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜீப்புக்குப் போனார். சனிக்கிழமை சாயங்காலம், கோமதி பஸ்ஸில் இருக்கும்போது ஃபோன் அடித்தது. உட்கார்ந்து நானூற்றுப் பன்னிரண்டையும் அளந்துவிட்டாராம். ஒன்றுகூடத் தப்பவில்லையாம், இனித்தான் நிரப்பப் போகிறார்களாம். கோமதி சரிங்க என்று சொல்லிவிட்டு ஃபோனை மடியில் வைத்தாள். பக்கத்துச் சீட்டுப் பெண் ஏனுங்க அழுகறீங்க என்று கேட்டபோதுதான், தான் அழுவதே அவளுக்குத் தெரிந்தது.